நான்கு அறைகளிலும் ஒரே பாட்டு: வைஃபை ஸ்பீக்கர்கள் மாலையில் அறுந்து அறுந்து ஒலிப்பது ஏன்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. கீழ்த்தளத்தில் கூடம், சமையலறை, மாடியில் இரண்டு படுக்கையறைகள் என நான்கு இடங்களில் வைஃபை ஸ்பீக்கர்கள் வைத்திருக்கிறீர்கள். தனித்தனியாகக் கேட்கும்போது பெரிய குறை இல்லை. நான்கையும் ஒரே குழுவாகச் சேர்த்துப் பாட்டுப் போட்டால் மாலை ஏழு மணிக்கு மேல் ஒலி விட்டுவிட்டு வருகிறது. மாடியின் பின்னறை ஸ்பீக்கர் சில நாட்களில் குழுவை விட்டே கழன்றுகொள்கிறது. இணைய இணைப்பு 300 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 300 மெகாபிட்) என்பதால் குறை ரவுட்டரில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, விலை கூடிய ரவுட்டர் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குக் குறைந்தது நான்கு வேறு காரணங்கள் இருக்க முடியும். அவற்றில் இரண்டைப் புதிய ரவுட்டர் தொடக்கூடச் செய்யாது.

முதலில் அந்த 300 என்ற எண்ணைப் பார்ப்போம். குறுந்தகட்டின் தரத்தில் ஒரு பாட்டை அனுப்புவதற்கு, வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என்று இரண்டு தடங்கள், ஆக மொத்தம் வினாடிக்கு 1,411 கிலோபிட், அதாவது சுமார் 1.4 எம்பிபிஎஸ் போதும். நான்கு ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனியே அனுப்பினாலும் ஆறு எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. எனவே இணைப்பின் வேகத்துக்கும் இந்தக் கோளாறுக்கும் தொடர்பு மிகக் குறைவு. ஸ்பீக்கருக்குத் தேவை நேரம் தவறாமை. ஒவ்வொரு ஸ்பீக்கரும் சிறிதளவு ஒலியை முன்கூட்டியே வாங்கிக் கையிருப்பாக வைத்துக்கொண்டு அதிலிருந்து எடுத்து ஒலிக்கிறது; அந்தக் கையிருப்பு தீர்வதற்குள் அடுத்த தரவுப் பொட்டலங்கள் வந்து சேராவிட்டால் ஒலி அறுபடுகிறது. தனியாக ஒலிக்கும் ஸ்பீக்கர் ஒரு கணம் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். குழுவில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை. ஒலி ஒரு மில்லிவினாடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் பயணம் செய்கிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவிலுள்ள வாசலில் நிற்பவரின் காதுக்கு, இரண்டு ஸ்பீக்கர்களின் ஒலி 30 அல்லது 40 மில்லிவினாடிக்கு மேல் விலகிவிட்டால் எதிரொலியாகக் கேட்கத் தொடங்கும். அதனால் பின்தங்கிய ஸ்பீக்கர் மற்றவற்றோடு சேர்ந்துகொள்வதற்காகப் பாட்டின் ஒரு துண்டை விழுங்கிவிடுகிறது. அதுவும் முடியாதபோது குழுவை விட்டு விலகுகிறது. தனியாகக் கேட்கும்போது குறை தெரியாமல் குழுவில் மட்டும் தெரிவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பலருக்கும் தெரியாதது. என் அனுபவத்தில் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளில் கோளாறு இங்கேதான் இருக்கிறது. வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைக்கற்றையின் ஒரு தடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். சோனோஸ் என்ற பிராண்டு போன்ற பல ஸ்பீக்கர் அமைப்புகளில் குழுவுக்கு ஒரு தலைமை ஸ்பீக்கர் உண்டு. இணையத்திலிருந்து பாட்டை வாங்குவது அந்த ஒன்றுதான். மற்றவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதும் அதுவே. எல்லா ஸ்பீக்கர்களும் ரவுட்டரின் வைஃபையில் இருக்கும் வீட்டில், பாட்டு ரவுட்டரிலிருந்து தலைமை ஸ்பீக்கருக்கு ஒருமுறை காற்றில் போகிறது. பிறகு மற்ற மூன்றில் ஒவ்வொன்றுக்காகவும் மீண்டும் ரவுட்டருக்கு ஏறி, அங்கிருந்து இறங்க வேண்டும். அது ஆறு பயணம். ஆக ஒரே பாட்டு ஏழு முறை காற்றில் பயணம் செய்கிறது. தலைமை ஸ்பீக்கரை லேன் கேபிளில் இணைத்துவிட்டால் அது மூன்றாகக் குறையும். ஐபோனிலிருந்து ஏர்ப்ளே 2 என்ற ஆப்பிளின் ஒலி அனுப்பும் முறை வழியாக நான்கு ஸ்பீக்கர்களுக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், போன் பாட்டை இணையத்திலிருந்து இறக்குவதையும் சேர்த்து ஒன்பது பயணங்கள் ஆகின்றன.

இதில் சிக்னல் குறைந்த ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்தால் போதும், அதன் சுமை எல்லோர் மீதும் விழும். வைஃபை 4 தலைமுறையைச் சேர்ந்த ஒற்றை ஆன்டெனாக் கருவி, நல்ல சிக்னலில் 65 எம்பிபிஎஸ் வேகத்தில் பேசும். சிக்னல் மங்கிய இடத்தில் அதே கருவி 6.5 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதே அளவு தரவுக்குக் காற்றில் ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் மற்ற மூன்றும் வாய்மூடிக் காத்திருக்கும். உங்கள் மாடிப் பின்னறை ஸ்பீக்கர் இப்படிப்பட்டதாக இருக்கக்கூடும் என்றே கருதுகிறேன். அதற்கு மேல், மாலையில் நீங்கள் படுக்கையறையில் இருந்துகொண்டு அந்த ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து, அதனோடு மற்றவற்றைச் சேர்க்கிறீர்கள் என்றால், வீட்டிலேயே மிகப் பலவீனமான ஸ்பீக்கரைக் குழுவுக்குத் தலைமையாக்கிவிடுகிறீர்கள். சோனோஸில் எந்த ஸ்பீக்கரிலிருந்து குழு தொடங்குகிறதோ அதுவே தலைமை ஏற்கும். இன்று மாலையே கூடத்து ஸ்பீக்கரில் பாட்டைத் தொடங்கி, மற்ற மூன்றையும் அதனோடு சேர்த்துப் பாருங்கள். காசு செலவில்லாத இந்த ஒரு மாற்றத்திலேயே கோளாறு பாதியாகக் குறைந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

குறுக்கீடு என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எதெல்லாம் குறுக்கீடு அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் தேடல் தவறான திசையில் போகும். ஸ்பீக்கரில் தொடர்ந்து ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் கேட்டால், அது வைஃபை குறுக்கீடு அல்ல. டிஜிட்டல் முறையில் வரும் ஒலி முழுமையாக வரும், அல்லது வராது. நடுவில் இரைச்சலோ கரகரப்போ கலப்பதில்லை. அந்த இரைச்சல் பெரும்பாலும் ஆம்ப்ளிஃபையரின் எர்த் இணைப்பிலோ மின்வழங்கியிலோ இருந்து வருகிறது. அதேபோல ஒலி நன்றாக ஒலித்துக்கொண்டிருக்க, செயலியில் மட்டும் ஸ்பீக்கர் காணாமல் போகிறது என்றால், அதுவும் குறுக்கீடு அல்ல. கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதற்காக வலையமைப்பு முழுவதற்கும் அனுப்பும் அறிவிப்புகள் எங்கோ தடுக்கப்படுகின்றன. நம் ஊரில் இதற்கு மிகவும் வழக்கமான காரணம், ஃபைபர் இணைப்போடு வந்த ஓஎன்டி பெட்டி (ஃபைபர் கேபிள் வந்து சேரும் கருவி) ஒரு வைஃபையையும், நீங்கள் தனியாக வாங்கிய ரவுட்டர் இன்னொரு வைஃபையையும் பரப்பிக்கொண்டிருக்க, ஸ்பீக்கர்கள் ஒன்றிலும் போன் மற்றொன்றிலும் மாட்டிக்கொண்டிருப்பதுதான். விருந்தினருக்கான தனி வைஃபையில் போன் இருந்தாலும், போனில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும், ஐபோனில் அந்தச் செயலிக்கு உள்ளூர் வலையமைப்பை அணுகும் அனுமதி மறுக்கப்பட்டிருந்தாலும் இதே அறிகுறி தோன்றும். ஓஎன்டியின் வைஃபையை அணைத்துவிடுவதால் இந்தக் குழப்பம் நீங்குவதோடு, காற்றில் ஒரு குரலும் குறைகிறது.

இனி சோதனைக்கு வருவோம். எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று நாட்கள் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்கு அறுந்தது, எந்த அறையில், எவ்வளவு நேரம், அப்போது வீட்டில் வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் குறிப்பு இல்லாமல் அமைப்புகளை மாற்றிக்கொண்டே போனால், சரியானதும் எதனால் சரியானது என்று தெரியாது. மறுபடி கெட்டதும் எதனால் கெட்டது என்றும் தெரியாது. மூன்று வினாடி அறுபடுவதற்கும் ஒரு நிமிடம் முழுக்க அடங்கிப்போவதற்கும் காரணங்கள் வேறு வேறு என்பதைக் கீழே சொல்கிறேன்.

பிறகு ஒரு ஸ்பீக்கரை லேன் கேபிளால் நேரே ரவுட்டரில் இணைத்து, மாலை ஏழரை மணிக்கு அதில் மட்டும் பாட்டைப் போடுங்கள். கேபிளிலும் அறுந்தால் காற்றைக் குறை சொல்ல வழியில்லை. இணைய இணைப்பிலோ பாட்டுச் சேவையிலோதான் தடை இருக்கிறது. ஸ்பீக்கரில் லேன் துளை இல்லாவிட்டால், கேபிளில் இணைந்த கணினியிலுள்ள பாட்டுக் கோப்புகளை ஸ்பீக்கருக்கு அனுப்பிப் பாருங்கள். வீட்டுக் கோப்புகள் தடையில்லாமல் ஒலித்து இணையப் பாட்டு மட்டும் அறுந்தால் குறை வெளியே. இரண்டும் அறுந்தால் குறை வீட்டுக்குள்ளே.

அடுத்த சோதனை மிக எளிது, ஆனால் ஏனோ யாரும் செய்வதில்லை. மாடிப் பின்னறை ஸ்பீக்கரைக் கழற்றிக் கூடத்துக்கும், கூடத்து ஸ்பீக்கரைப் பின்னறைக்கும் மாற்றி வையுங்கள். கோளாறு ஸ்பீக்கரோடு கூடவே கூடத்துக்கு வந்தால், குறை அந்த ஸ்பீக்கரின் உள்ளே இருக்கிறது. கோளாறு பின்னறையிலேயே தங்கிவிட்டால் குறை அந்த இடத்தில் இருக்கிறது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பழுதே இல்லாத ஸ்பீக்கரைப் பழுதுநீக்கும் நிலையத்துக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருந்தவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவது சோதனைக்குக் கேபிளில் இணைந்த ஒரு கணினி வேண்டும். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது, கட்டளைச் சாளரத்தில், ஒரு கருவி பதில் சொல்ல எடுக்கும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையோடு பின்னறை ஸ்பீக்கரின் ஐபி முகவரியை (வலையமைப்பில் அதன் அடையாள எண்) கொடுத்துப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சராசரியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. சராசரி 8 மில்லிவினாடி என்று அழகாக வரும். அதற்குள் நான்கு முறை 600 மில்லிவினாடியும் இரண்டு முறை பதிலே இல்லாமையும் ஒளிந்திருக்கும். பார்க்க வேண்டியவை உச்ச அளவும் விட்டுப்போன எண்ணிக்கையும்தான். இதையே மறுநாள் அதிகாலை ஐந்து மணிக்கும் செய்யுங்கள். அதிகாலையில் சீராகவும் மாலையில் தாறுமாறாகவும் இருந்தால் காற்றில் நெரிசல் என்பது உறுதி. இரண்டு நேரத்திலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் தூரமும் சுவரும்தான் காரணம். சேனலை மாற்றி எந்தப் பயனும் இருக்காது.

ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு என்பதையும் அளந்துவிடுங்கள். பல ரவுட்டர்களின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொரு கருவியின் சிக்னலும் டிபிஎம் என்ற அலகில் எதிர்ம எண்ணாக இருக்கும். இல்லாவிட்டால் ஆன்ட்ராய்டு போனில் ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் செயலியைப் போட்டு, போனை ஸ்பீக்கரின் மேலேயே வைத்துப் பாருங்கள். மைனஸ் 50 என்றால் மிக நன்று. ஒலி, அழைப்பு போன்ற நேரம் தவறக்கூடாத வேலைகளுக்கு மைனஸ் 67 வரை ஏற்கலாம் என்பது தொழிலில் இருப்பவர்களின் வழக்கமான கணக்கு. மைனஸ் 75க்குக் கீழே போய்விட்டால் அங்கே குழு ஒலியை எதிர்பார்க்கக் கூடாது.

காற்றில் நெரிசல் என்று உறுதியானால், யாரால் என்பது அடுத்த கேள்வி. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை மிகவும் குறுகலானது. 2,400 மெகாஹெர்ட்ஸிலிருந்து 2,483.5 வரைதான். அதில் 1 முதல் 13 வரை சேனல் எண்கள் இருந்தாலும், அடுத்தடுத்த சேனல்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளிதான். ஒரு வைஃபை பேச்சுக்கோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. அதனால் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் நிற்கக் கூடியவை 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அனலைசரில் 3ஆம் சேனல் காலியாகத் தெரிகிறது என்று அதற்கு மாறுபவர்கள் உண்டு, அது தவறு. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரிவதால் முறை வைத்துப் பேசிக்கொள்ளும். 3இல் இருப்பவருக்கு 1இல் இருப்பவரின் பேச்சும் 6இல் இருப்பவரின் பேச்சும் பொருள் விளங்காத இரைச்சலாக மட்டுமே வந்து சேரும். முறை வைத்துக்கொள்ள முடியாமல் இரு பக்கமும் இடிபடுவார். நெரிசலான 6, காலியாகத் தெரியும் 3ஐ விடப் பெரும்பாலும் மேலானது. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள், 2.4இல் 40 என்று வைத்தால் அலைக்கற்றையின் பாதியை ஒருவரே எடுத்துக்கொள்வதாகும்.

அனலைசர் செயலிக்கு வைஃபை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதே அலைக்கற்றையைக் கலக்கும் மற்றவை அதில் தோன்றுவதே இல்லை. மைக்ரோவேவ் அடுப்பின் மேக்னட்ரான் சுமார் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கதவின் இடுக்கில் கசியும் மிகச் சிறிய அளவு உடலுக்குத் தீங்கில்லாதது என்றாலும், பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரின் காதை அடைக்கப் போதுமானது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் 10 மில்லிவினாடி உமிழ்ந்து, 10 மில்லிவினாடி ஓய்ந்து, மாறிமாறி இயங்குகின்றன. அந்த இடைவெளிகளில் வைஃபை எப்படியோ நுழைந்து நுழைந்து வருவதால் பாட்டு முற்றிலும் நின்றுவிடாமல் துண்டு துண்டாகக் கேட்கும். உங்கள் சமையலறை ஸ்பீக்கரும் மாலை நேரமும் கேள்வியில் ஒன்றாக வந்திருப்பதால், அடுப்புக்குள் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி, அந்த இரண்டு நிமிடத்தில் பாட்டு என்ன ஆகிறது என்று கேட்டுவிடுங்கள். அடுப்புதான் காரணம் என்றால், ஸ்பீக்கரைச் சில அடிகள் தள்ளி வைப்பதும் 2.4இலிருந்து 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் போதும்.

யுஎஸ்பி 3.0 கருவிகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் இதை யாரும் சந்தேகிப்பதே இல்லை. வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவை ஓட்டும் அந்த இணைப்பும் கேபிளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அகலமான இரைச்சலைப் பரப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் அளவீடுகளோடு இதை வெளியிட்டது. ஒரு வீட்டில் இணையப் பாட்டெல்லாம் சீராக ஒலிக்க, வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கர்நாடக இசைப் பதிவுகள் மட்டும் அறுந்துகொண்டே இருந்தன. கோப்புகள் கெட்டுவிட்டன என்று அவர் கலங்கிப் போயிருந்தார். அந்தப் பதிவுகள் இருந்த ஹார்டு டிஸ்க், ரவுட்டரின் முதுகிலேயே, ஆன்டெனாவுக்கு இரண்டு அங்குலத்தில், யுஎஸ்பி 3.0 துளையில் செருகப்பட்டிருந்தது. அந்தப் பதிவுகளைக் கேட்கும்போதுதான் டிஸ்க் ஓடும். டிஸ்க் ஓடும்போதுதான் ரவுட்டருக்குக் காது கேட்காமல் போகும். ரவுட்டர் அமைப்பில் அந்தத் துளையை யுஎஸ்பி 2.0 ஆக இயங்கும்படி மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. பாட்டுக்கு அதன் 480 எம்பிபிஎஸ்ஸே தேவைக்கு மேல். அப்படி மாற்றும் வசதி இல்லாத ரவுட்டரில், நல்ல உலோக உறையிட்ட ஒரு மீட்டர் கேபிளால் டிஸ்க்கைத் தள்ளி வைத்தால் போதும்.

ப்ளூடூத்தை எல்லோரும் உடனே குற்றம் சொல்வார்கள். அது அவ்வளவு பெரிய குற்றவாளி அல்ல. 79 சிறு சேனல்களுக்கிடையே வினாடிக்கு 1,600 முறை தாவிக்கொண்டே இருக்கும் அது, வைஃபை இருக்கும் பகுதியைக் கண்டறிந்து ஒதுங்கிப் போகவும் நெடுநாளாகவே கற்றிருக்கிறது. ஆனால் பாட்டை அனுப்பும் போனிலேயே ப்ளூடூத் கைக்கடிகாரமும் 2.4 வைஃபையும் ஒரே ஆன்டெனாவைப் பங்கிட்டுக்கொண்டால் தடுமாற்றம் வரலாம். போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். வயர்லெஸ் சிசிடிவி கேமராக்கள் வேறு வகை. அவை நாள் முழுவதும் இடைவிடாமல் படம் அனுப்பிக்கொண்டே இருக்கும். வாசலில் தொலைவாக, மங்கிய சிக்னலில் இருக்கும் ஒரு கேமரா, மேலே சொன்ன பத்து மடங்கு நேரக் கணக்கின்படி, ஒரு சேனலின் பெரும்பகுதியைத் தனியாகவே தின்றுவிடும். அதைக் கேபிளுக்கு மாற்றுவது ஸ்பீக்கர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

5 கிகாஹெர்ட்ஸுக்குப் போனால் இந்த நெரிசல் பெரும்பாலும் தீரும். இடம் தாராளமாக இருக்கிறது, மைக்ரோவேவும் யுஎஸ்பியும் அங்கே எட்டுவதில்லை. ஆனால் அந்த அலைகள் சுவரைத் துளைப்பதில் 2.4ஐ விடப் பலவீனமானவை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் அவற்றை நன்றாகவே தடுத்துவிடும். கீழேயுள்ள ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸை நம்பி மாடி ஸ்பீக்கர்களை அதற்கு மாற்றுவது வீண். கீழ்த்தளத்து இரண்டையும் மட்டும் மாற்றுங்கள். சேனல்களில் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ தேர்ந்தெடுப்பது நல்லது. நடுவிலுள்ள 52 முதல் 144 வரையிலானவை ராடார்களோடு பங்கிடப்படுபவை. அங்கே இயங்கும் ரவுட்டர் ராடார் போன்ற ஒரு துடிப்பை உணர்ந்தால், உடனே அந்தச் சேனலைக் காலி செய்ய வேண்டும். இன்னொரு ராடார் சேனலுக்குப் போவதானால், பேசத் தொடங்குமுன் குறைந்தது 60 வினாடி கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும். எல்லா ஸ்பீக்கர்களும் ஒரே நேரத்தில் அடங்கி, ஒரு நிமிடத்துக்குப் பிறகு தாமாகவே திரும்பி வருகின்றன என்று உங்கள் குறிப்புத் தாளில் இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு அலைக்கற்றைக்கும் ஒரே பெயர் வைத்துக் கருவிகளை ரவுட்டரே இங்கும் அங்கும் மாற்றும் வசதியையும் ஸ்பீக்கர்களுக்காக அணைத்துவிடுங்கள். இடம் பெயராத கருவிக்கு அந்த வசதி தேவையில்லை. பாட்டின் நடுவில் அது செய்யும் மாற்றம் ஒரு அறுபடலாகத்தான் காதுக்கு வந்து சேரும்.

வைக்கும் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். பெரும்பாலான வீடுகளில் ரவுட்டர், கேபிள் எங்கே உள்ளே வந்ததோ அங்கேயே, டிவிக்குப் பின்னாலோ மர அலமாரிக்குள்ளோ தங்கிவிடுகிறது. இரும்பு பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி மூன்றும் இந்த அலைகளுக்குச் சுவரை விடக் கெட்டவை; ரவுட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே நேர்க்கோட்டில் அவற்றில் ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரை ரவுட்டருக்கு மிக நெருக்கமாக, ஒரே பலகையில் வைப்பதும் தவறு, மூன்றடியாவது விலகியிருக்கட்டும். மாடிக்கு அலைகள் போகும் நல்ல வழி மாடிப்படியின் திறப்புதான், தளம் அல்ல. ரவுட்டரைப் படிக்கட்டை நோக்கி நகர்த்த முடிந்தாலே பின்னறையில் சில டெசிபல் கூடக் கிடைக்கும்.

ஆனால் உங்கள் வீட்டுக்கு நிலையான தீர்வு, கீழிருந்து மாடிக்கு ஒரே ஒரு கேட் 6 ரக லேன் கேபிளை இழுத்து, படிக்கட்டின் உச்சியில் ஒரு ஆக்செஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) வைப்பதுதான். புதிய விலையுயர்ந்த ரவுட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் இதை முடித்துவிடலாம். அது ஐபி முகவரி வழங்கும் வேலையைச் செய்யக் கூடாது. ஆக்செஸ் பாயின்ட் முறையில் மட்டும் இயங்க வேண்டும். கீழே 1ஆம் சேனல் என்றால் மேலே 11 என்று பிரித்து வையுங்கள். சுவரைக் குடைய விரும்பாதவர்கள் ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது கேட்டதையே அதே சேனலில் மறுபடி சொல்லும் கருவி. ஏழு பயணம் பத்தாகும், பதினொன்றாகும். ஒலிக் குழுவுக்கு அது மருந்தல்ல. மின் கம்பி வழியே தரவு அனுப்பும் அடாப்டர்கள் சில வீடுகளில் உதவும். ஆனால் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கீழ்த்தளம் ஒரு ஃபேஸிலும் மாடி வேறொன்றிலும் இருந்தால் அவை தடுமாறும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு மட்டுமே வாங்கிப் பாருங்கள்.

உங்களுடையது சோனோஸ் என்றால் ஒரு எச்சரிக்கை. பழைய மாடல்களில் ஒன்றைக் கேபிளில் இணைத்தால், அவை ரவுட்டரின் வைஃபையை விட்டுவிட்டுத் தமக்குள் சோனோஸ்நெட் என்ற தனி வலையை 2.4 கிகாஹெர்ட்ஸில் கட்டிக்கொள்ளும். அதற்கும் 1, 6, 11 என்று சேனல் தேர்வு செயலியில் இருக்கிறது, ரவுட்டரின் 2.4 சேனலிலிருந்து அதை விலக்கி வைக்க வேண்டும். 2023இல் வந்த எரா 100, எரா 300 ஆகியவை இந்த வலையில் சேர்வதில்லை. அவை ரவுட்டரின் வைஃபையையோ கேபிளையோதான் நம்பும். சோனோஸ்நெட்டில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களை வெவ்வேறு நெட்வொர்க் சுவிட்சுகளில் (பல லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டிகள்) இணைப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: கேபிளிலும் காற்றிலும் சேர்ந்து ஒரு வளையம் உருவாகும், அதை உடைக்க அவை பழைய ஸ்பானிங் ட்ரீ முறையைப் பயன்படுத்துகின்றன. சுவிட்ச் அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால் பொட்டலங்கள் சுற்றிச் சுற்றி வந்து வீட்டின் மொத்த வலையமைப்பும் முடங்கிவிடும். ஐயம் இருந்தால் ஒன்றை மட்டும் கேபிளில் வைத்திருங்கள். உங்களுடையது ஸ்னாப்காஸ்ட் போன்ற திறமூல அமைப்பு என்றால், ஒரு வினாடி என்று இயல்பாக இருக்கும் கையிருப்பை இரண்டாக உயர்த்தினாலே சிறு தடுமாற்றங்கள் காதுக்கு எட்டாமல் போகும். டிவி ஒலிக்கு மட்டும் இந்த வழி உதவாது. கையிருப்பைக் கூட்டினால் திரையில் உதடு அசைந்த பிறகு பேச்சு வரும். பாட்டு சீராக இருந்து டிவி ஒலி மட்டும் அறுகிற வீடுகளில் காரணம் இந்தச் சிறிய கையிருப்புதான். அங்கே கேபிளைத் தவிர வேறு வழி சொல்ல மாட்டேன்.

மின்தடைக்குப் பிறகு மட்டும் கோளாறு வருகிறதா என்பதையும் உங்கள் குறிப்பில் பாருங்கள். மின்சாரம் திரும்பியதும் ஸ்பீக்கர்கள் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். ஓஎன்டியும் ரவுட்டரும் எழச் சில நிமிடங்கள் ஆகும். முகவரி கொடுக்க யாரும் இல்லாத ஸ்பீக்கர் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே வைத்துக்கொண்டு குழுவுக்கு வெளியே நிற்கும். அதே நிமிடத்தில் தெருவிலுள்ள எல்லா ரவுட்டர்களும் ஒன்றாக எழுந்து, தானியங்கி முறையில் சேனல் தேடத் தொடங்குவதால், நேற்று காலியாக இருந்த சேனல் இன்று நெரிசலாகியிருக்கலாம். ஓஎன்டி, ரவுட்டர், மாடி ஆக்செஸ் பாயின்ட் மூன்றையும் சிறு யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டர் இணைப்பிலோ வையுங்கள். நான்கு ஸ்பீக்கர்களுக்கும் ரவுட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கிவிடுங்கள். சேனலை நீங்களே தேர்ந்து நிறுத்தி, தெருவில் புதிதாக யாரும் குடிவந்தால் மறுபடி ஒருமுறை அளந்து பாருங்கள்.